மலையடியில் கழற்றிவைத்த செருப்பு

கல்படிகள் தொடங்கும் இடத்தில், கொட்டுகிற மழையில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. நீல வார், வெள்ளை அடி. அவசரத்தில் உதறிவிட்டுப் போனவை அல்ல. இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி, கோயில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காக விடப்பட்டிருந்தன. திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கப்பட்டு, விமானம் ஏறி, ஜப்பானின் தெற்கே ஒரு சின்னக் கிராமத்துக்கு வந்து சேர்ந்த செருப்பு அது. என் மாமியாருடையது. அவரையும், தவழத் தொடங்கியிருந்த என் மகளையும் காணாமல் நான் அலறிக்கொண்டு ஓடிவந்த பிற்பகல் அது. இன்றைக்கும் மழைச்சத்தம் கொஞ்சம் கூடினால் என் கண் தானாகக் கீழே பார்க்கிறது, அந்தச் செருப்பு எங்கே என்று.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடல் பக்கத்துத் தாழ்ந்த பூமி. நான் ஒரத்தநாட்டுப் பக்கம். இரண்டுமே தஞ்சாவூர்ச் சீமைதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் மழை பெய்தால் குடை எடுப்போம். அவர்கள் பக்கம் மழை பெய்தால் மூட்டை கட்டுவார்கள். "மேட்டுக்காரிக்கு என்ன தெரியும்?" என்று கல்யாணமான புதிதில் அத்தை என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அவர் இளவயதில் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். அந்தக் கூலியில் மகனைப் பொறியாளர் ஆக்கி, பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலமும் வாங்கியவர். நானோ ஜப்பானில் நடவு இயந்திரத்தின் பாகங்களை வரையும் வேலையில் இருந்தேன். "நாங்க குனிஞ்சு குனிஞ்சு இடுப்பொடிஞ்ச வேலைய நீ நாற்காலில உக்காந்துகிட்டுப் பாக்குற. நல்லாயிரு," என்பார். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே குழந்தைகள் காப்பகத்தில் உடனே இடம் கிடைக்கவில்லை. அதனால் அத்தை வந்தார். எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னாலேயே அந்த மலை இருந்தது. மலை என்று நாங்கள்தான் சொன்னோம். அந்த ஊர்க்காரர்கள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வரைபடத்தில்கூட அதற்குப் பெயர் போட்டிருந்ததாக நினைவில்லை. மூங்கிலும் தேவதாருவும் அடர்ந்து, உச்சியில் மரத்தால் ஆன ஒரு குட்டிக் கோயிலோடு நெல்வயல்களுக்கு நடுவே தனியாக நின்றது. வந்த மறுநாள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த அத்தை, "மலைன்னு போன்ல சொன்னியே, இது நம்ம ஊருத் திடலுக்கு அண்ணன்ல?" என்றார். வயல்களுக்கு நடுவே சற்று உயர்ந்திருக்கும் மண்மேட்டைத்தான் அவர் பக்கம் திடல் என்பார்கள். அவர் வாழ்க்கையில் ஏறிய அதிகபட்ச உயரம் அதுதான். அன்றிலிருந்து அந்த ஜப்பான் மலைக்கு எங்கள் வீட்டில் திடல் என்றே பெயர்.

காலையில் வெயில் இருந்தால் குழந்தையை முன்பக்கம் துணியில் கட்டிக்கொண்டு திடலுக்குப் போய்விடுவார். மலையடியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே மரப்பெட்டி. அதில் மூங்கில் கம்புகள். ஏறுகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு, இறங்கியதும் திரும்ப வைத்துவிட வேண்டும். அவற்றைச் சீவி வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். தன் வயலையும் பார்த்துக்கொண்டு, ஊரின் தீயணைப்புத் தொண்டர் குழுவிலும் இருந்தவர். அத்தை கம்பை எடுப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவார். உச்சியில் இருப்பது எந்தச் சாமி என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. "எந்தச் சாமியா இருந்தா என்ன, செருப்போடயா போறது?" அந்த ஊரில் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு மலையேறுவதில்லை. முதல் வாரம் பெரியவர் திகைத்துப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து, தூறல் விழுந்தால் அந்தச் செருப்பை எடுத்துத் தகரக் கூரைக்குக் கீழே நனையாமல் வைக்கத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று நாற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள், அவரவர் மொழியில்.

அந்த நாளுக்கு முந்தைய நாளே மழை பிடித்துவிட்டது. ஆனி மாதத்தில் அங்கே மழைக்காலம். அத்தைக்கு அது பொருந்தவே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வர வேண்டிய மழை ஆனியில் வந்தால் அதை நம்ப முடியாது என்ற மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் கிளம்பும்போது, "வாய்க்கால் நிறம் மாறிடுச்சு, பாத்தியா?" என்று கேட்டார். "இங்க எல்லாம் கான்கிரீட் வாய்க்கால் அத்தை, ஒண்ணும் ஆகாது," என்றேன். "தண்ணிக்குக் கான்கிரீட்டு, மண்ணுன்னு தெரியுமா?" என்றார். என் கணவர் வேலை நிமித்தமாக வேறு நகரத்துக்குப் போயிருந்தார். குழந்தை அத்தையின் இடுப்பில் இருந்தபடியே எனக்குக் கையசைத்தது. அப்போதுதான் கையசைக்கக் கற்றிருந்தது.

மதியத்துக்குப் பிறகு அலுவலகத்தில் எல்லோருடைய கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. மண்சரிவு எச்சரிக்கை, மலையடிவாரத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேறிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அத்தையை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை நான் எண்ணை அழுத்துவதற்குள் பெரியவரின் அழைப்பு வந்தது. அவர் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல் சொல்லாகப் பேசினார். உங்கள் மாமியாரை அழைத்துப் போக வீட்டுக்கு வந்தேன். வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. முன்னமே போய்விட்டார் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். இங்கே அவரும் இல்லை, குழந்தையும் இல்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி எனக்கு முழுதாக ஒன்றும் நினைவில்லை. கார்க் கண்ணாடியில் துடைப்பான் அடித்துக்கொண்டதும், பாலத்தருகே சாலை மேல் தண்ணீர் ஓடியதும், காரை அங்கேயே விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்ததும் தனித்தனியாக நினைவிருக்கிறது. வழியெல்லாம் கம்பத்து ஒலிபெருக்கிகள் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. வீட்டை நெருங்கியபோது முன்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஓடினேன். பின்கதவும் அப்படியே திறந்து கிடந்தது. சாரல் ஒரு கதவில் புகுந்து மறு கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அத்தையின் கைப்பேசி சமையலறையில் சார்ஜில் இருந்தது. தொட்டிலில் குழந்தை இல்லை. பின்கதவுக்கு வெளியே, நாலடி தள்ளி, வாய்க்கால் கரை தெரியாமல் பொங்கி ஓடியது. பெரியவர் அங்கே நீண்ட கொம்பால் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொம்பைச் சட்டென்று பின்னால் மறைத்தார். அவர் எதைத் தேடினார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தியிருப்பேன்.

எதற்காக வீட்டைச் சுற்றி ஓடினேன் என்றும் தெரியாது. ஓடிய ஓட்டத்தில்தான் அந்தச் செருப்பைக் கண்டேன்.

உயிருக்குப் பயந்து ஓடுகிற ஒரு மனுஷிக்குச் செருப்பைக் கழற்ற ஞாபகம் இருக்குமா? அத்தைக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் முதலில் மூச்சு வந்தது: வாய்க்காலில் இல்லை, மேலே இருக்கிறார்கள். அடுத்த கணமே அந்த மூச்சு நின்றது: மேலேயா இருக்கிறார்கள்? ஊர் முழுக்க எந்த மலையை விட்டு ஓடிக்கொண்டிருந்ததோ அந்த மலையின் மேலேயா? நான் ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லித்தந்திருந்தார்கள். பெருமழையில் மலைச்சரிவு ஊறிக் கனக்கும், எப்போது வேண்டுமானாலும் கழன்று வரும், மலையை விட்டு விலகிப் போ என்று. அத்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பெரியவர் கையை விரித்து என்னைத் தடுத்தார். செருப்பைக் காட்டினேன். ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினார்.

படிகளின் இடுக்குகளிலிருந்து தண்ணீர் வந்தது. மேலிருந்து வழிந்து வந்த தண்ணீர் அல்ல, மலைக்குள்ளிருந்து பீறிட்டு வந்த கலங்கல் தண்ணீர். பெரியவர் அதைக் குனிந்து பார்த்தார், நடையை வேகப்படுத்தினார். எங்கிருந்தோ பச்சை மண் வாசனை குப்பென்று அடித்தது. சின்னச் சின்னக் கற்கள் எங்கள் பக்கத்தில் உருண்டு இறங்கின. என் காலணி வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். அந்தப் படிகளை அத்தை வெறுங்காலோடு, குழந்தையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் மூங்கில் கம்புமாக ஏறியிருக்கிறார் என்பது மேலே போன பிறகுதான் தெரிந்தது.

கோயிலின் தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, கம்பளிக்குள் சுகமாகத் தூங்கியது. பக்கத்தில் வாளி, அதற்குள் பால்மாவு டப்பா, வெந்நீர்க் குடுவை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாற்றுத்துணி, தீப்பெட்டி, கொஞ்சம் அரிசி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா! உன்ன நெனச்சுத்தான் உசுரு கையில இல்ல. நீ எந்த மேட்டுல நிக்கிறியோன்னு இருந்தேன்," என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "யாரு உங்கள மேல வரச் சொன்னது அத்தை?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மைக்குல சொன்னாங்களே? நம்ம ஊருல ஆட்டோவுல மைக்கு கட்டி வந்து சொல்லுவாங்கள்ல, மேடான எடத்துக்குப் போங்கன்னு. பாஷை வேற, அவ்வளவுதான். வேற என்ன சொல்லப் போறாங்க?"

வேறொன்றைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க, மழையில் ஒலிபெருக்கி அலறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆற்றில் உடைப்பு எடுக்கும், தண்ணீர் வரும், திடலுக்கு ஓடு. போகும்போது இரண்டு கதவையும் திறந்து போட்டுவிட்டுப் போ, தண்ணீருக்கு வழி விட்டால்தான் மண்சுவர் நிற்கும். கார்த்திகை பிறந்ததும் அரிசி, தீப்பெட்டி, மாற்றுத்துணியைப் பாத்திரத்தில் கட்டித் தயாராக வைத்துக்கொள். இவை எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தன் பாட்டுக்குச் செய்தது. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது சொன்னது ஒன்றுதான்: "எழுந்திருங்க அத்தை. இந்த மலை இடிஞ்சு விழும்னு சொல்றாங்க."

பெரியவர் வந்த வழியே திரும்ப விடவில்லை. மலையின் மறுபக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இறங்கியது. குழந்தையை நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் முன்னால், அத்தை நடுவில், நான் கடைசி. அத்தை மூங்கில் கம்பை ஊன்றி ஊன்றி இறங்கினார். அவர் கால் விரல்கள் சேற்றைக் கவ்விப் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து அதே தடத்தில் நானும் கால் வைத்தேன். கடைசி வளைவில், மலைக்கு அந்தப் பக்கம், மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக. பிறகு லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோன்ற ஓசை, கால் வழியாக ஏறி வந்தது. பெரியவர் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். தார்ச்சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, தேவதாரு மரங்கள் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் அன்று தங்கினோம். போர்வையும் சோற்று உருண்டையும் கொடுத்தார்கள். அத்தை சாப்பிடவில்லை. மலையின் முன்பக்கம் படிகளோடு சரிந்துவிட்டது, கம்புப் பெட்டியும் செருப்பும் மண்ணுக்குள் போய்விட்டன, எங்கள் வீட்டுப் பின்சுவரில் பாதி இல்லை என்று பெரியவர் வந்து சொன்னார். சேறு பின்கதவில் புகுந்து, தொட்டில் இருந்த அறையைக் கடந்து, முன்கதவு வழியாக வெளியேறியிருந்ததாம். கோயில் மட்டும் உச்சியில் அப்படியே இருந்ததாம். நான் அதை அத்தைக்கு மொழிபெயர்த்தேன். வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அழுத்திச் சொன்னேன். அவர் காப்பாற்றியதைத்தான் நான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது வேறு.

"மேடுகூட ஒடையுமாம்மா?" என்று கேட்டார்.

அவர் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. "ஆத்துக் கரை ஒடையும், வாய்க்கா ஒடையும். மேடு ஒடையும்னு எனக்குத் தெரியாதே. புள்ளைய அது மேலயா கொண்டு போய் வச்சிருந்தேன்?" என்றார். குழந்தை அவரைப் பார்த்துத் தாவியது. அவர் வாங்கவில்லை. "நீயே வச்சுக்க," என்று புடவைத் தலைப்புக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டார்.

அதோடு முடிந்தது. மாற்று வீடு பார்த்துப் போன பிறகும் குழந்தையோடு தனியாக இருக்க மறுத்தார். என் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் ஒருநாள் வந்து, திரும்ப வைக்கப் பெட்டி இல்லாததால் அன்று ஊன்றி இறங்கிய கம்பை அத்தையே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்தார். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், கும்பிட்டார், சிரிக்கவில்லை. காப்பகத்தில் இடம் கிடைத்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பிறகு விடுமுறைக்கு விடுமுறை ஊருக்குப் போனோம். இரண்டு வருடங்களாகத் தஞ்சாவூரிலேயே இருக்கிறோம். நாங்கள் போனால் அத்தை பேத்திக்கு மீன் ஆய்ந்து குழம்பு வைப்பார், தலை பின்னுவார், கதை கேட்பார். ஆனால் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடைவரைகூடப் போனதில்லை. "அப்பாயி, குளத்துக்குப் போலாமா?" என்று அவள் இழுத்தால், "ஒங்கம்மா வரட்டும்," என்பார். தண்ணீர் எந்தப் பக்கம் வரும், எந்தக் கரை தாங்கும் என்று தெருவில் மற்றவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் இப்போதெல்லாம், "எனக்கென்ன தெரியும்?" என்றே சொல்லிவிடுவார். அதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கும். மேட்டுக்காரிக்கு என்ன தெரியும் என்று என்னைச் சீண்டிய வாய் அது.

போன கார்த்திகையில் அத்தையின் ஊருக்கு நானும் மகளும் மட்டும் போயிருந்தோம். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னார்கள், விடாத மழை. மறுநாள் பிற்பகல், மெழுகுவத்தியும் பாலும் வாங்கிவர நான் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பும்போது ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அறிவித்துப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும். தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. நான் ஓடினேன். அத்தை அவளை அழைத்துக்கொண்டு எங்கும் போகமாட்டார், நான் வரட்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். எட்டு வருடங்களாக அப்படித்தானே.

முன்கதவு அகலத் திறந்திருந்தது. பின்கதவும் திறந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் கூடத்தில் தண்ணீர் மெதுவாக வழி கண்டு போய்க்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் எப்போதும் சாய்ந்திருக்கும் மூங்கில் கம்பைக் காணோம். பால் பாக்கெட்டை எங்கே போட்டேனோ, தெருக்கோடியை நோக்கி நடந்தேன்.

ஊரின் திடல் அங்கேதான் இருக்கிறது. மேலே காளியம்மன் கோயில். ஏறுகிற இடத்தில் ஒரு கல், அதன் மேல் தண்ணீர் எட்டாத உயரத்தில், இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அதைத் தொட்டபடி, சின்னதாக, பூப்போட்ட இளஞ்சிவப்புச் செருப்பு. அண்ணாந்து பார்த்தேன். தாழ்வாரத்தின் ஓரத்தில் ஜனங்களுக்கு முன்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சிவப்பு நூல் சுற்றிய கம்பு. இன்னொரு கையில் என் மகளின் கை.

"ஏன் நின்னுட்ட? ஏறி வா. இந்த மேடு தாங்கும்," என்று மழைக்கு மேலே கத்தினார்.

என் செருப்பையும் கழற்றி, அவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினேன்.